பூமிக்குத் தெரியாத ஃபிளேர்: ஒரே வெடிப்பை ஏன் பல இடங்களிலிருந்து பார்க்கிறார்கள்?

2024 மே 10, 11 தேதிகளில் பூமியைத் தாக்கிய சூரியப் புயல், 2003க்குப் பிறகு வந்தவற்றில் மிகக் கடுமையானது. வட துருவத்துக்கே உரிய ஒளியை லடாக்கின் ஹான்லேயிலிருந்துகூடப் படம் பிடிக்க முடிந்தது. அதற்குக் காரணமான சூரியப் புள்ளிக் கூட்டத்துக்கு வானியலாளர்கள் கொடுத்த எண் 13664. ஒரு வாரத்துக்கும் மேலாக அது அடுத்தடுத்து வெடித்துக்கொண்டே இருந்தது. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் மே 14 அன்று அந்தக் கூட்டம் சூரியனின் மேற்கு விளிம்புக்குப் போய்விட்டது. போகிற போக்கில் எக்ஸ்8.7 அளவுள்ள ஒரு வெடிப்பைக் காட்டிவிட்டு மறைந்தது.

கதை அங்கே முடியவில்லை. மே 20 அன்று அதே கூட்டம் அதைவிடப் பெரிதாக வெடித்தது. அளவு, சுமார் எக்ஸ்12. ஆனால் அப்போது அது சூரியனின் பின்பக்கத்தில் இருந்தது. பூமிப் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க வழியே இல்லை. நல்ல வேளையாக, ஐரோப்பிய விண்வெளி முகமையின் சோலார் ஆர்பிட்டர் விண்கலம் அந்த நேரத்தில் சூரியனுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதிலுள்ள ஸ்டிக்ஸ் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அந்த வெடிப்பைப் பதிவு செய்தது. பூமியிலிருந்து தெரிவதை மட்டும் வைத்துச் சூரியனின் வரவு செலவை எழுதினால், அந்த மாதத்தின் மிகப் பெரிய வெடிப்பே கணக்கில் வராமல் போயிருக்கும்.

இப்படி வெடிப்புகளைத் தவறவிடாமல் பிடிப்பதற்காகத்தான் பல விண்கலங்கள் என்று நினைப்பது இயல்பு. அது பாதிதான் சரி. கண்ணெதிரே நடக்கும் வெடிப்பைக்கூட ஓரிடத்திலிருந்து மட்டும் பார்த்தால் முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது. எத்தனை விண்கலங்கள் பார்க்கின்றன என்பதைவிட அவை எங்கெங்கே நிற்கின்றன என்பதே பெரிய விஷயம். அது ஏன் என்று பார்க்க, முதலில் வெடிப்பில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். பத்திரிகைகளில் இதைச் சூரியத் தீப்பிழம்பு, சூரிய வெடிப்பு என்று பலவாறு எழுதுகிறார்கள். இங்கே ஃபிளேர் என்றே வைத்துக்கொள்வோம்.

முறுக்கேறும் காந்தப்புலம்

சூரியனின் மேற்பரப்புக்கு மேலே கொரோனா என்ற மிக மெல்லிய, மிகச் சூடான வெளிமண்டலம் இருக்கிறது. அமைதியான நாளிலேயே அதன் வெப்பநிலை 10 முதல் 20 லட்சம் டிகிரி. சூரியப் புள்ளிகள் இருக்கும் இடங்களில் காந்தப்புலம் கீழிருந்து கிளம்பி, வளைவாக மேலே போய், வேறோர் இடத்தில் மறுபடி உள்ளே இறங்கும். அடியில் வாயு ஓயாமல் நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்த வளைவுகள் முறுக்கேறுகின்றன. முறுக்கு ஏற ஏற ஆற்றல் சேர்கிறது. ஒரு கட்டத்தில் எதிரெதிர்த் திசையில் போகும் காந்தக் கோடுகள் நெருங்கி, அறுந்து, வேறு விதமாக இணைந்துகொள்கின்றன. காந்த மறுஇணைப்பு என்பார்கள். நாள்கணக்கில் சேர்ந்த ஆற்றல் சில நிமிடங்களில் வெளியே வருகிறது. அதுதான் ஃபிளேர். பல சமயம் இதோடு சேர்ந்து கோடிக்கணக்கான டன் மின்னேற்றம் பெற்ற வாயுவும் வீசியெறியப்படும். பூமிக்கு வந்து காந்தப் புயலை உண்டாக்குவது அந்த வாயு. ஃபிளேர் என்பது ஒளியும் கதிர்வீச்சும் மட்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் செய்திகள் நிறைய வருகின்றன.

வெளிப்பட்ட ஆற்றலில் கணிசமான பங்கு எலெக்ட்ரான்களுக்குப் போகிறது. அவை ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு, பாதி என்ற கணக்கில் வேகம் பெற்று, காந்த வளைவின் இரண்டு கால்கள் வழியாகக் கீழே பாய்கின்றன. கொரோனா கிட்டத்தட்ட வெற்றிடம் என்பதால் வழியில் அவற்றைத் தடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. கீழே குரோமோஸ்பியர் என்ற அடர்த்தியான அடுக்கு வந்ததும் மோதி நிற்கின்றன. வேகமாகப் போகும் எலெக்ட்ரான் ஓர் அணுக்கருவின் அருகே வளைந்து வேகம் குறையும்போது எக்ஸ் கதிர் வெளிவரும். பிளஸ் டூ இயற்பியலில் தடுப்புக் கதிர்வீச்சு என்று வருவது இதுதான். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே குழாய் வேலை செய்வதும் இதே விதியில்தான். இந்த வழியில் பிறப்பவை ஆற்றல் மிகுந்த வன் எக்ஸ் கதிர்கள். தோராயமாக 20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டும் அதற்கு மேலும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மோதும் எலெக்ட்ரான்களின் ஆற்றலில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குதான் வன் எக்ஸ் கதிராக மாறுகிறது. மீதி எல்லாம் அந்த இடத்து வாயுவைச் சூடாக்கப் போய்விடுகிறது. ஒரு கோடி, இரண்டு கோடி டிகிரி என்று கொதித்த வாயு விரிந்து, வந்த வழியே மேலேறி, காந்த வளைவு முழுவதையும் நிரப்புகிறது. அந்தச் சூட்டில் அது ஒளிர்வது மென் எக்ஸ் கதிரில், அதாவது சில கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவில்.

ஆக ஒரே ஃபிளேர் இரண்டு விதமான எக்ஸ் கதிரைத் தருகிறது. வன் எக்ஸ் கதிர் முதலில், வளைவின் கால்களில், வெட்டு வெட்டாக, சில நிமிடங்களுக்கு வருகிறது. மென் எக்ஸ் கதிர் நிதானமாக ஏறி, சற்றுத் தாமதமாக உச்சம் தொட்டு, வளைவு முழுவதிலிருந்தும் வருகிறது. இரண்டுக்கும் ஒரு கணக்குத் தொடர்பும் உண்டு. மென் கதிரின் வரைபடம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று ஒவ்வொரு நொடியும் குறித்துக்கொண்டே போனால், அந்தக் குறிப்பு வன் கதிரின் வரைபடத்தைப் போலவே இருக்கும். 1968இல் இப்படியொரு தொடர்பைக் காட்டியவர் வெர்னர் நியூபெர்ட். எலெக்ட்ரான்கள் மோதுவதால்தான் வாயு சூடாகிறது என்ற கதைக்கு இது நல்ல சாட்சி.

சாதாரண ஒளியில் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். 1859 செப்டம்பர் 1 அன்று ரிச்சர்ட் கேரிங்டன் முதன்முதலாக ஃபிளேரைக் கண்டது சாதாரண ஒளியில்தான். ஆனால் சூரியனின் மேற்பரப்பு அந்த ஒளியில் அவ்வளவு பிரகாசமாக இருக்கிறது, பெரும்பாலான ஃபிளேர்கள் அதில் அமுங்கிப்போகும். எக்ஸ் கதிரில் நிலைமை தலைகீழ். 5,500 டிகிரி சூடுள்ள மேற்பரப்பு எக்ஸ் கதிரை வெளியிடுவதே இல்லை எனலாம். அது இருட்டாகத் தெரியும், கொரோனாவும் ஃபிளேரும் மட்டும் ஒளிரும். ஒரே சிக்கல், பூமியின் காற்றுமண்டலம் எக்ஸ் கதிரை விடாது. அதனால்தான் இந்தத் துறை ராக்கெட் வந்த பிறகே பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய வி-2 ராக்கெட்டுகளில் கருவி வைத்து 1940களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தினர் சூரியனின் எக்ஸ் கதிரைக் கண்டார்கள். ஃபிளேரிலிருந்து வரும் மிக வன்மையான கதிரை முதலில் பிடித்தது 1958 மார்ச் 20 அன்று, கியூபாவுக்கு மேலே பறந்த ஒரு பலூன்.

எக்ஸ்12 என்றால் எவ்வளவு?

ஃபிளேரின் அளவைச் சொல்ல ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஐந்து வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. அமெரிக்காவின் கோஸ் வரிசைச் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபடி, 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் வரும் மென் எக்ஸ் கதிரை அளக்கின்றன. சதுர மீட்டருக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வாட் வந்தால் அது எக்ஸ்1. சூரியனின் மொத்த ஒளி அதே சதுர மீட்டரில் 1,361 வாட் தருகிறது என்பதை நினைத்துக்கொண்டால், எக்ஸ்1 எவ்வளவு சின்ன அளவு என்று புரியும். அந்தச் சின்ன அளவே பூமியின் பகல் பக்க அயனி மண்டலத்தைக் குலைத்து, சிற்றலை வானொலியை நிறுத்திவிடும்.

எக்ஸுக்கு மேல் எழுத்து இல்லை. எக்ஸ்10, எக்ஸ்20 என்று எண்தான் ஏறும். 2003 நவம்பர் 4 அன்று வந்த ஃபிளேரில் கோஸ் கருவி எக்ஸ்17ஐத் தாண்டியதும் நிரம்பிப்போய், பத்து நிமிடத்துக்கும் மேல் அதே எண்ணில் நின்றுவிட்டது. உண்மையான உச்சம் எக்ஸ்28 என்று முதலில் கணித்தார்கள். பிறகு நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர், அயனி மண்டலம் எவ்வளவு கலங்கியது என்பதை மிகத் தாழ்ந்த அதிர்வெண் வானொலி அலைகளை வைத்து அளந்து, எக்ஸ்45 வரை போயிருக்கும் என்றார்கள். கருவி கைவிட்ட இடத்தில் காற்றுமண்டலமே அளவுகோலாக இருந்திருக்கிறது!

இந்த அளவு முறை முழுக்க முழுக்கப் பூமியை மையமாக வைத்தது. பூமிக்கு எவ்வளவு வந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. அப்படியானால் பின்பக்கம் நடந்ததை எக்ஸ்12 என்று எப்படிச் சொன்னார்கள்? ஸ்டிக்ஸும் கோஸும் சேர்ந்து பார்த்த ஃபிளேர்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் ஸ்டிக்ஸ் இத்தனை எண்ணிக்கை காட்டினால் கோஸ் இத்தனை காட்டும் என்று ஓர் உறவு கிடைக்கிறது. சூரியனிலிருந்து விண்கலம் இருக்கும் தொலைவுக்கும் திருத்தம் செய்து, அந்த உறவை வைத்து மதிப்பிடுகிறார்கள். அதனால்தான் 'சுமார்'. செய்திகளில் அந்தச் 'சுமார்' பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

கோணம் ஏன் முக்கியம்

ஃபிளேரில் பிறக்கும் எக்ஸ் கதிர் கொரோனாவைத் தடையின்றிக் கடந்து வருகிறது. இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. எதுவும் மறைக்காது என்பது நல்லது. ஆனால் நமக்கு நேரே ஒன்றன் பின் ஒன்றாக இருப்பவை எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே புள்ளியாகத் தெரியும். சூரியனின் நடுவில் ஒரு ஃபிளேர் நடந்தால் நாம் அதை உச்சியிலிருந்து பார்க்கிறோம். இரண்டு கால்களும் தெளிவாகத் தெரியும். வளைவின் மேற்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாது. விளிம்பில் நடந்தால் உயரம் தெரியும், ஆனால் ஆழத் திசையில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது போய்விடும்.

உயரம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றால், ஃபிளேரின் மூலமே அங்கேதான் இருக்கிறது. எலெக்ட்ரான்களுக்கு வேகம் கொடுப்பது எது, அது எங்கே நடக்கிறது என்பதே இந்தத் துறையின் ஆதாரக் கேள்வி. 1992 ஜனவரி 13 அன்று ஜப்பானின் யோகோ விண்கலம் விளிம்பில் நடந்த ஒரு ஃபிளேரைப் படம் பிடித்தது. அதை ஆராய்ந்த சடோஷி மசுதா, கால்களில் தெரியும் இரண்டு வன் எக்ஸ் கதிர்ப் புள்ளிகளைத் தவிர மூன்றாவதாக ஒன்று, மென் எக்ஸ் கதிரில் ஒளிரும் வளைவுக்கும் மேலே, இருப்பதைக் கண்டார். காந்த மறுஇணைப்பு வளைவின் தலைக்கு மேலே நடக்கிறது என்ற கருத்துக்கு இது பெரிய பலம் கொடுத்தது. இன்றும் இந்தத் துறையில் அதை மசுதா ஃபிளேர் என்றே சொல்கிறார்கள்.

ஆனால் அப்படியொரு மூன்றாவது புள்ளி எல்லா ஃபிளேரிலும் கண்ணில் படுவதில்லை. மேலே வாயு மெல்லியது, அதனால் அங்கிருந்து வரும் எக்ஸ் கதிர் மங்கல். கீழே கால்கள் பளிச்சென்று எரிகின்றன. கருவியின் திறனுக்குள் இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவருவது கஷ்டம்.

இதற்கு ஓர் அருமையான தந்திரம் இருக்கிறது. கால்களைச் சூரியனைக் கொண்டே மறைத்துவிடுவது. சூரியப் புள்ளிக் கூட்டம் விளிம்பைக் கொஞ்சம் தாண்டிப் பின்னால் போயிருக்கும்போது ஃபிளேர் வந்தால், சூரியனின் வளைந்த உடலே கால்களை மறைத்து, மேற்பகுதியை மட்டும் நமக்குக் காட்டும். எவ்வளவு மறையும் என்பது பள்ளிக் கோணக் கணிதம்தான். சூரியனின் ஆரம் சுமார் 6,96,000 கிலோமீட்டர். விளிம்புக்கு 5 டிகிரி பின்னால் இருந்தால் கீழே சுமார் 2,650 கிலோமீட்டர் மறையும். 10 டிகிரி என்றால் சுமார் 10,700 கிலோமீட்டர். 20 டிகிரி என்றால் ஏறக்குறைய 44,700 கிலோமீட்டர். நாம் பார்க்கும்போது சூரியன் ஒரு நாளைக்குச் சுமார் 13 டிகிரி திரும்புகிறது. ஆக, கால்கள் மட்டும் மறைந்து தலை தெரியும் வாய்ப்பு ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றரை நாள். மே 20 அன்று 13664 கூட்டம் விளிம்பிலிருந்து 80 டிகிரி வாக்கில் பின்னால் போயிருந்தது. அப்போது மறையும் உயரம் சூரியனின் ஆரத்தைப் போல நான்கரை மடங்குக்கும் மேல். எந்த வளைவின் தலையும் அவ்வளவு மேலே வராது.

இந்தத் தந்திரத்தில் ஓர் ஓட்டை தெரிகிறதா? கால்களை மறைத்தாகிவிட்டது, சரி. அவை எவ்வளவு பலமாக எரிந்தன என்று எப்படித் தெரியும்? அது தெரியாமல், மேலே பார்த்தது மொத்தத்தில் எத்தனை பங்கு என்று சொல்ல முடியாது. இங்கேதான் இரண்டாவது விண்கலம் வருகிறது. ஒன்று விளிம்புக்கு இந்தப் பக்கம் நின்று தலையை மட்டும் பார்க்க வேண்டும். மற்றொன்று தள்ளி நின்று முழுசையும் பார்க்க வேண்டும்.

இது புதிய யோசனை இல்லை. 1978இல் கிளம்பிய ஐஎஸ்ஈஈ-3 விண்கலம் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே, பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்ற ஏதுவான எல்1 என்ற புள்ளியருகே இருந்தது. அதே ஆண்டு வெள்ளி கிரகத்தை அடைந்த பயனியர் வீனஸ் ஆர்பிட்டரிலும் வன் எக்ஸ் கதிர் உணரும் கருவி இருந்தது. இரண்டும் ஒரே ஃபிளேரை வெவ்வேறு கோணத்தில் பார்த்த சில சந்தர்ப்பங்களை அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த ஷரத் கேனும் அவரது குழுவினரும் ஆராய்ந்தார்கள். ஒன்று முழு ஃபிளேரையும் பார்க்க, மற்றதற்குக் கீழ்ப்பகுதி மறைந்திருந்தது. வன் எக்ஸ் கதிரில் மிகப் பெரும்பகுதி தாழ்ந்த உயரத்திலிருந்தே வருகிறது என்பது அதில் தெளிவானது. இத்தனைக்கும் அந்தக் கருவிகளால் படமே எடுக்க முடியாது, மொத்தமாக எவ்வளவு கதிர் வந்தது என்று எண்ண மட்டும்தான் முடியும். நிற்கும் இடம் சரியாக அமைந்தால் எளிய கருவியும் எவ்வளவு சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

லென்ஸ் இல்லாத தொலைநோக்கி

இப்போது படமும் எடுக்கிறார்கள். ஆனால் வன் எக்ஸ் கதிரை லென்ஸோ சாதாரணக் கண்ணாடியோ குவிக்காது, ஊடுருவிப் போய்விடும். மிகச் சாய்வாகப் பட்டால் மட்டும் சில கண்ணாடிகள் திருப்பிவிடும், அதற்கு நீளமான தொலைநோக்கி வேண்டும். ஆகவே வேறு வழி. இரண்டு கொசுவலைத் துணிகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இழைகள் குறுக்கிட்டுப் பெரிய பட்டைகள் தெரியும். ஒன்றை லேசாக நகர்த்தினால் பட்டைகள் வெகுதூரம் நகரும். ஸ்டிக்ஸ் செய்வது இதைத்தான். டங்ஸ்டனில் செய்த மெல்லிய கம்பி வரிசைகள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவற்றுக்குப் பின்னால் உணரிகள். சூரியனில் ஒளிமூலம் கடுகளவு நகர்ந்தாலும் உணரியில் விழும் பட்டைகள் இடம் மாறும். இப்படி 32 உணரிகள், அவற்றில் 30க்கு வெவ்வேறு இடைவெளி, சாய்வு கொண்ட வலைகள். கிடைக்கும் எண்களிலிருந்து கணினி படத்தைக் கட்டியெழுப்புகிறது.

படத்துக்குப் பதில் எண்கள் என்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தொலைவில் இருக்கும் விண்கலத்திலிருந்து தகவல் அனுப்பும் வேகம் குறைவு. படம் படமாக அனுப்புவதைவிடச் சில எண்களை அனுப்புவது எளிது. 2002 முதல் 2018 வரை வேலை செய்த நாசாவின் ரெஸ்ஸி விண்கலத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு முறை இருந்தது. அதில் விண்கலமே நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சுழன்றுகொண்டு, ஒளி மறைந்து தெரிவதை வைத்துப் படம் செய்தது. 2022 அக்டோபரில் சீனா ஏவிய ஏ.எஸ்.ஓ-எஸ் விண்கலத்தில் எச்.எக்ஸ்.ஐ என்ற கருவி ஸ்டிக்ஸ் போலவே வலை முறையில் வேலை செய்கிறது.

ஏ.எஸ்.ஓ-எஸ் பூமியைச் சுற்றிவருகிறது, சோலார் ஆர்பிட்டர் சூரியனை வேறு பாதையில் சுற்றுகிறது. இரண்டும் வன் எக்ஸ் கதிரில் படம் எடுக்கின்றன. ஒரே ஃபிளேரின் இரண்டு படங்களை இரண்டு கோணத்திலிருந்து எடுத்துச் சேர்த்தால், ஒவ்வொரு புள்ளியும் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஊகமில்லாமல் கணக்கிடலாம். எக்ஸ் வகை ஃபிளேர் ஒன்றுக்கு இதைச் செய்தும் காட்டிவிட்டார்கள். கோணம் மிகச் சிறியதாக இருந்தால் உயரத்தில் பிழை பெருகும். மிகப் பெரியதாக இருந்தால் இரண்டுக்கும் பொதுவாகத் தெரியும் பகுதி குறைந்துபோகும். அதனால் இப்படிப் பயன்படும் ஃபிளேர்கள் அதிகம் இல்லை.

நம் கருவிகள் எங்கே நிற்கின்றன?

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 அன்று எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையில் அமர்ந்தது. திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். அதில் இரண்டு எக்ஸ் கதிர்க் கருவிகள் உள்ளன. சோலெக்ஸ் 2 முதல் 22 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை மென் கதிரைப் பார்க்கிறது, ஹீலியோஸ் 10 முதல் 150 வரை வன் கதிரைப் பார்க்கிறது. நிலவைச் சுற்றும் சந்திரயான்-2இலும் எக்ஸ்.எஸ்.எம் என்ற சூரிய எக்ஸ் கதிர்க் கருவி இருக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் உருவாக்கியது.

இந்தியா எல்1, நிலவு என்று இரண்டு இடங்களிலிருந்து பார்க்கிறது, எனவே இரண்டு கோணம் என்று சிலர் எழுதியதைப் பார்த்தேன். கோணக் கணக்கில் அது எடுபடாது. எல்1 பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். கேட்கப் பெரிதாக இருந்தாலும் சூரியனின் தொலைவில் அது நூற்றில் ஒரு பங்கு, அதுவும் ஏறக்குறைய அதே நேர்கோட்டில். நிலவு பூமிக்குப் பக்கத்தில் எவ்வளவு விலகி நின்றாலும் சூரியனிலிருந்து பார்த்தால் அந்த விலகல் 0.15 டிகிரிதான். ஆதித்யா, சந்திரயான், கோஸ், ஏ.எஸ்.ஓ-எஸ் எல்லாமே சூரியனின் ஒரே முகத்தைத்தான் பார்க்கின்றன.

அதற்காக அவை வீண் என்று பொருளில்லை. பூமியை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோளுக்குப் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் இரவு வரும். ரெஸ்ஸி எத்தனையோ ஃபிளேர்களின் ஆரம்பத்தையோ முடிவையோ இப்படித் தவறவிட்டிருக்கிறது. கோஸுக்கும்கூட ஆண்டுக்கு இரண்டு முறை, பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி, பூமியின் நிழல் குறுக்கிடும். எல்1இல் சூரியன் மறைவதே இல்லை. எக்ஸ்.எஸ்.எம்மின் பலம் வேறு, அது மிகச் சின்ன வெடிப்புகளையும் பிடிக்கும். சூரியன் ஓய்ந்து கிடந்த 2019-20இல் ஏ வகைக்கும் கீழே இருந்த 98 குட்டி ஃபிளேர்களை, அதுவும் சூரியப் புள்ளிகள் இல்லாத இடங்களில், அது கண்டது. இத்தனைக்கும் அதன் முதல் வேலை ஃபிளேரைப் பிடிப்பது அல்ல. சூரிய எக்ஸ் கதிர் பட்டு நிலவின் தரை திருப்பி வெளியிடும் கதிரை வைத்து அங்குள்ள தனிமங்களை அறிய, விழும் கதிர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே, அதற்காக வைத்தது. புதன் கிரகத்துக்குப் போன மெசஞ்சரிலும் பெபிகொலம்போவிலும் இதே காரணத்துக்காகச் சூரியக் கருவிகள் வைக்கப்பட்டன. சூரியனை வேறு கோணத்தில் பார்க்கும் வாய்ப்பு சில சமயம் இப்படி ஓசியிலும் கிடைக்கிறது.

ஒப்பிடும் முன்

இரண்டு விண்கலங்களின் வரைபடங்களை அப்படியே அருகருகே வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் நேரம். ஒளி சூரியனிலிருந்து பூமிக்கு வர 8 நிமிடம் 19 நொடி. சூரியனுக்கு நெருங்கி வரும்போது சோலார் ஆர்பிட்டர் பூமியின் தொலைவில் பத்தில் மூன்று பங்கு தூரத்தில் இருக்கும். அப்போது அது ஒரே ஃபிளேரை நம்மைவிடக் கிட்டத்தட்ட 5 நிமிடம் 50 நொடி முன்னதாகவே பார்த்துவிடும். ஆதித்யாவே 5 நொடி முந்திவிடும். நொடிக்குள் ஏறி இறங்கும் வன் எக்ஸ் கதிரில் 5 நொடி என்பது பெரிய தொகை. ஆகவே எல்லா நேரத்தையும் சூரியனில் அது நடந்த நேரத்துக்கோ பூமியில் தெரியும் நேரத்துக்கோ மாற்றிக்கொள்வார்கள். அடுத்தது தொலைவு. பத்தில் மூன்று பங்கு தூரத்தில் வெளிச்சம் 11 மடங்கு, அதை வகுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் தலைவலி. ஒரு கருவியின் 100, இன்னொரு கருவியின் 100 ஆக இருக்க வேண்டும். ஒரே குடும்பத்துக் கருவிகளிலேயே இது தவறியிருக்கிறது. கோஸ் வரிசையில் 8ஆவதிலிருந்து 15ஆவது வரைக்கும் எடுத்த அளவுகளை, பழைய செயற்கைக்கோள்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று 0.7ஆல் பெருக்கிக் குறைத்தே வெளியிட்டு வந்தார்கள். 16ஆவதிலிருந்து அந்தக் குறைப்பு இல்லை. பழைய பட்டியலில் எக்ஸ்10 என்று இருப்பது இன்றைய கணக்கில் எக்ஸ்14க்கும் மேல். பழைய சாதனைகளையும் புதிய ஃபிளேர்களையும் ஒரே வரிசையில் போட்டு ஒப்பிடும் பட்டியல்களைப் பார்த்தால் இதைச் சரிசெய்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

இந்த ஒத்திசைவில் சிறு பிழை இருந்தாலும் கெட்டுப்போகும் கேள்வி ஒன்று இருக்கிறது. எலெக்ட்ரான்கள் ஒரே கற்றையாகக் கீழ்நோக்கிப் பாய்ந்தால், அவை உண்டாக்கும் வன் எக்ஸ் கதிரும் எல்லாத் திசையிலும் சமமாக இருக்காது. அந்தத் திசையில் அதிகம், எதிர்த் திசையில் குறைவு என்று இருக்க வேண்டும். அதாவது ஒரே ஃபிளேரை உச்சியிலிருந்து பார்ப்பவருக்கும் பக்கவாட்டில் பார்ப்பவருக்கும் பிரகாசம் வேறுபட வேண்டும். இதுவரை அளந்தவரை வேறுபாடு சிறிதாகவே தெரிகிறது. அப்படியானால் எலெக்ட்ரான்கள் எளிய கற்றைப் படம் சொல்வதுபோல நேராகப் பாயாமல், பல திசையில் சிதறியே வருகின்றன என்று ஆகிறது. ஆனால் கீழ்நோக்கிப் போன எக்ஸ் கதிரில் ஒரு பகுதி மேற்பரப்பில் பட்டுச் சிதறித் திரும்பி வந்து கணக்கைக் கலைக்கிறது. கருவிகளுக்கு இடையே பத்து, இருபது சதவீத முரண் இருந்தாலே முடிவு தலைகீழாகிவிடும். ஆகவே நிறைய ஃபிளேர்களை, நிறையக் கோணங்களில், ஒன்றுக்கொன்று சரிபார்த்த கருவிகளால் பார்த்துத்தான் இதைத் தீர்க்க முடியும்.

இதுவரை இந்த ஒப்பீடுகள் பெரும்பாலும் கிரகங்கள் சுற்றும் தளத்திலேயே நடந்திருக்கின்றன. கிழக்கு, மேற்கு என்று கோணம் மாறும், மேலிருந்து பார்க்க வாய்ப்பு அரிது. 2025 பிப்ரவரியில் சோலார் ஆர்பிட்டர் வெள்ளி கிரகத்தை ஒட்டிப் பறந்து தன் பாதையை 17 டிகிரி சாய்த்துக்கொண்டது. திட்டப்படி 2026 இறுதியில் அது 24 டிகிரியாகும்.